ஒன்பது பேர், அம்மாவின் முழங்கால், டிசம்பர்: எந்தத் தண்ணீரில் படகு வீடு?

செப்டம்பர் 7, காலை

மலேசியாவின் செபராங் ஜெயாவிலிருந்து தங்கை ஒருவர் கேட்டிருப்பது இது:

"நாங்கள் ஒன்பது பேர். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. பிள்ளைகள் மூன்று, மூத்தவனுக்கு 12, சின்னவளுக்கு 5. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் இரண்டு மூன்று நாள் படகு வீட்டில் தங்க ஆசை. வீட்டுக்காரர் கென்யிர் என்கிறார், தம்பி பெலும் என்கிறான், எனக்குக் கேரளா. படகு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதானே, எதைப் பார்த்து முடிவு செய்வது?"

செப்டம்பர் 7, இரவு

படகு ஒன்றுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஒன்றில்லை. நான் நாலு தண்ணீரில் தூங்கி எழுந்தவன். திரெங்கானுவின் கென்யிர் ஏரி, உங்கள் தம்பி சொல்லும் பெலும் காட்டை ஒட்டிய தெமெங்கோர் ஏரி, கேரளத்தின் ஆலப்புழை, பிரிட்டனில் வேல்ஸ் பக்கத்துக் கால்வாய். படகைப் பற்றி யோசித்து முடிவெடுத்த பயணமெல்லாம் எங்கேயாவது இடித்தது. தண்ணீரைப் பார்த்து முடிவெடுத்தது ஒன்றே ஒன்று, அது நன்றாக அமைந்தது.

வயதானவர், சின்னப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு ஏரிக்கு. ஏரியில் அலை இல்லை, ஆட்டம் இல்லை. கென்யிருக்கே போங்கள்.

செப்டம்பர் 8, காலை 6.15

மேலே எழுதியதை அவசரப்பட்டு நம்பவேண்டாம். டிசம்பர் என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வேலைக்குக் கிளம்புகிறேன், இரவு எழுதுகிறேன்.

செப்டம்பர் 8, இரவு

சரி. திரெங்கானுவில் டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும், அதிலும் டிசம்பர் மோசம். படகு ஓடாது என்று சொல்லவில்லை. கென்யிர் கடலில்லை, மழையிலும் ஓடும். ஆனால் ஒன்பது பேர், மூன்று பிள்ளைகள், நாலு பக்கமும் கித்தான் திரையை இறக்கிவிட்டு இரண்டு நாள் உள்ளே உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். அருவிகளில் வெள்ளம் கலங்கி வரும், பிள்ளைகளை இறக்க முடியாது. அருவியில்லாமல் கென்யிருக்கு ஏன் போகிறீர்கள்?

நான் போனது 2011 ஆகஸ்டில், தொழிற்சாலை நண்பர்களோடு. ஆகஸ்டில் அந்த ஏரி வேறு. அது இயற்கை ஏரியே அல்ல, மின்சாரத்துக்காக அணை கட்டி 1985இல் நிரப்பிய பள்ளத்தாக்கு. 260 சதுர கிலோமீட்டர். 340 தீவு என்பார்கள், அதெல்லாம் முழுகாமல் நின்ற குன்றுகளின் தலை. பழைய காட்டு மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன, இலையில்லாமல், சாம்பல் நிறத்தில். விடியற்காலையில் பனி இறங்கியிருக்கும்போது அந்த மொட்டை மரங்களுக்கு நடுவே படகு போகும். எங்கள் கூட்டத்திலேயே வாய் ஓயாதவர் அந்த அரைமணி நேரம் பேசவில்லை.

மற்ற நேரமெல்லாம் பேசினார். பாடினார். இங்கே படகு வீடு என்றால் கராவோக்கே இல்லாமல் இருக்காது. அடுத்த வளைவில் கட்டியிருந்த படகுக்காரர்களும் பாடினார்கள். நள்ளிரவு வரை மலாய்ப் பாட்டும் நம்ம பாட்டும் தண்ணீருக்கு மேல் மோதிக்கொண்டன. அமைதி தேடிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவேண்டும்: நின்ற தண்ணீரில் சத்தம் வெகுதூரம் போகும்.

செப்டம்பர் 10

கிள்ளான் அண்ணன் எழுதியிருக்கிறார்: "தண்ணி எல்லாம் தண்ணிதான் தம்பி, படகில் ஏர்கோன் இருக்கா, கக்கூஸ் எத்தனை, அதப் பாரு."

அண்ணே, கக்கூஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒன்பது பேருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். பெரிய குழுவை ஏற்றும் நம் ஊர்ப் படகுகளில் பல, கூடத்தில் மெத்தை விரித்துப் படுக்கும் வகை. அறை தனித்தனியாக உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். ஆனால் ஏர்கோன் இருந்தும் பயனில்லாத இடமும் உண்டு. நான் ஏறிய கேரளப் படகில் இரவு ஒன்பது மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு நிறுத்திவிட்டார்கள். பகலில் காற்று எங்கிருந்து வரும்? படகு ஓடினால் வரும். எவ்வளவு நேரம் ஓடும் என்பது தண்ணீரின் கையில். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் முப்பது வருடம் பம்பும் குழாயும் பார்த்தவன். அதனால் என் புத்தி இப்படி ஓடுகிறது: இந்தத் தண்ணீரின் மட்டத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? அணைத் தண்ணீரின் மட்டம் மழைக்கும் மின்சாரத் தேவைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். காயலில், அதாவது கேரளத்தின் கடலோர உப்பங்கழியில், கடலுக்கும் பங்கு உண்டு. கால்வாயில் ஒரு மனிதன் இரும்புக் கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்குகிறான். ஏறும் இடம், இறங்கும் இடம், கொசு, வாடை, வேகம், இரவில் எங்கே கட்டுவது, எல்லாமே இதிலிருந்து வருகிறது.

செப்டம்பர் 11

இப்போது என் முதல் பதிலை நானே உடைக்கிறேன். "வயதானவருக்கு ஏரி" என்று எழுதினேனே, என் அம்மாவை வைத்துப் பார்த்தால் அது தப்பு.

2017 மார்ச், பள்ளி விடுமுறை. தெமெங்கோர் ஏரி. பினாங்கிலிருந்து இதுதான் கிட்ட. பாலம் தாண்டி, கூலிம், பாலிங், கெரிக், அப்புறம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு படகில். யானை கடக்கும் என்று சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சாணம் மட்டும் தரிசனம். ரோயல் பெலும் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வேண்டும், எல்லோருடைய அடையாள அட்டை விவரமும் படகுக்காரரிடம் கொடுக்கவேண்டும். நானும் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தேன். தண்ணீர் மட்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் வருடத் தொடக்கத்தில் வறட்சி. ஏரி இறங்கிக் கிடந்தது. மிதக்கும் மேடை தண்ணீரோடு சேர்ந்து கீழே போய்விட்டது. கார் நிறுத்துமிடத்திலிருந்து அதுவரை செம்மண் சரிவு, மண்ணில் வெட்டிய படி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அம்மா மேலே நின்று பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் காருல இருக்கேன்."

மூன்று நாள் காரில் எப்படி இருப்பார்? பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து உட்காரவைத்து, நானும் தம்பியும் முன்னால், படகுப் பையன்கள் இருவர் பின்னால், தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் அம்மாவுக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "உற்சவ மூர்த்தி மாதிரி தூக்கிட்டுப் போறீங்களே, தேங்கா ஒடைக்க ஆளு இருக்கா?" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாற்காலி போயிருக்கும்.

அதன்பிறகு மூன்று நாளும் அருமை. படகு மெதுவாக நகர்ந்து ஒரு ஒதுங்கலில் போய்க் கரை மரத்தில் கயிறு கட்டும். கூடவே இழுத்து வந்த சின்னப் படகில் மற்றவர்கள் ரஃப்ளேசியா என்ற பெரிய காட்டுப் பூவைப் பார்க்கவும் ஜஹாய் பழங்குடி மக்களின் கிராமத்துக்கும் போனார்கள். அம்மா கீழ்த்தளத்தில் பாய் போட்டு வெற்றிலை மென்றுகொண்டு ஏரியைப் பார்த்தார். தொலைபேசிக்கு அலை எட்டாது, என் தம்பிக்குத்தான் கை நடுங்கியது. திரும்பும்போது சரிவை மறுபடி ஏறவேண்டுமே என்று இரண்டாவது நாளே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

ஆகவே திருத்தம்: ஏரி ஆடாது, ஆனால் இறங்கும்.

செப்டம்பர் 13

அப்போ கேரளாவா என்று நாலு பேர் கேட்டாயிற்று. டிசம்பர் என்றால் ஆமாம். அங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் விலையும் கூட்டமும் எகிறும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே போய் வந்துவிடுங்கள்.

நாங்கள் போனது 2019 ஜனவரி, அம்மா, மனைவி, நான். கோலாலம்பூர் போய் அங்கிருந்து கொச்சிக்கு நேர் விமானம், அப்புறம் ஆலப்புழைக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு குழப்பம். படகுக்கு என்ன பெயர் என்று அம்மா கேட்டார். கெட்டுவள்ளம் என்றேன். "கெட்டுப்போன வள்ளத்துலயா கூட்டிட்டுப் போற?" மலையாளத்தில் கெட்டு என்றால் நம்ம கட்டுதான் என்று விளக்கினேன். பலகையோடு பலகையை ஆணியில்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டித் தைத்து, முந்திரி எண்ணெய் பூசிய வள்ளம், அந்தக் காலத்தில் நெல் ஏற்றப் போனது. அம்மா கேட்டுவிட்டு, "ஆணி கூட இல்லையா?" என்றார். விளக்காமலே இருந்திருக்கலாம்.

ஆனால் ஏறும்போது பிரச்சினையே இல்லை. காயலில் கரையும் படகும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஒரு பலகை, இரண்டு எட்டு, உள்ளே.

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டுக்கு ஏற்றுவார்கள், மறுநாள் காலை ஒன்பதுக்கு இறக்குவார்கள். இருபத்தொரு மணி நேரம் என்று தெரியும், ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம், மாலை ஐந்தரைக்குக் கட்டிவிடவேண்டும், அது சட்டம். இரவு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம், படகு ஓடினால் வலை கிழியும். நான் கடிகாரம் பார்த்துக் குறித்தேன்: மொத்தம் ஓடியது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. முதலில் ஏமாந்த மாதிரி இருந்தது. கட்டிய இடத்தில் எதிர்வீட்டுப் பாட்டி படித்துறையில் பாத்திரம் கழுவ வந்தார். அம்மா படகிலிருந்தே பேச்சுக் கொடுத்தார். இவர் தமிழ், அவர் மலையாளம், ஒரு மணி நேரம் ஓடியது. என்ன பேசினீர்கள் என்றேன். "மருமகளைப் பத்தி" என்றார். என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

ஒரு காட்சி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டில் வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே. படகின் முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்தில் தென்னை வரிசை வைத்த வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் நமக்கு ஆள் உயரம் கீழே கிடக்கிறது. நாற்று நடுகிறவரின் தலைத்துண்டை மேலிருந்து பார்க்கிறோம். தண்ணீர் மேலே, நிலம் கீழே. எனக்கு உடனே ஓடியது, பம்பு எங்கே என்றுதான். இருக்கிறது, வயலிலிருந்து தண்ணீரை மேலே காயலுக்கு இறைத்துக் கொட்டுகிறார்கள்.

செப்டம்பர் 14

காயல் தமிழ்ச் சொல்லா என்று கேட்ட ஈப்போ தம்பிக்கு: ஆமாம், தமிழ்தான். காயல்பட்டினம் இருக்கிறதே.

கேரளப் படகிலும் கராவோக்கே உண்டா என்று கேட்ட பட்டர்வொர்த் அண்ணனுக்கு: இருந்தது. தப்ப முடியாது.

செப்டம்பர் 17

கால்வாயைப் பற்றி எழுதச் சொல்லி சுபாங் ஜெயா தம்பி விடாமல் கேட்கிறார். தங்கையின் கேள்விக்கு இதில் பதில் இல்லை. டிசம்பரில் பிரிட்டனில் குளிர்காலப் பழுது பார்ப்புக்காக, படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை அடைப்பார்கள், வாடகைப் படகு கிடைப்பதும் அரிது. எனக்குப் பிடித்த தண்ணீர் என்பதால் எழுதுகிறேன், அவ்வளவே.

2023 ஜூன். மகள் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறாள். வேல்ஸ் பக்கத்து லாங்கொலன் கால்வாயில் ஐந்து நாளுக்குப் படகு எடுத்தோம். அங்கே ஓட்டுநர் கிடையாது, நாம்தான் ஓட்டவேண்டும். உரிமம் கேட்கவில்லை. அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் அந்த மனிதர். படகின் அகலம் 2 மீட்டரைச் சற்றே தாண்டும், நீளமோ ஒரு பேருந்தை விட அதிகம். நாம் பின் முனையில் நிற்கிறோம். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். பின்னோக்கி எடுக்கும்போது சுக்கான் வேலையே செய்யாது. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு கரையிலும் மூன்று முறை முட்டினேன். வேக வரம்பு மணிக்கு 4 மைல், நாயோடு நடந்து வந்த பாட்டி எங்களைத் தாண்டிப் போனார்.

தண்ணீர் இடுப்பளவுதான். விழுந்தால் எழுந்து நின்றால் போதும். ஆபத்து லாக்கில்தான். லாக் என்பது இரண்டு கதவுக்கு நடுவே ஒரு கல்தொட்டி. படகை உள்ளே விட்டு, கைப்பிடியால் மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவது. இறங்கும்போது மேல்கதவுக்குக் கீழே ஒரு கல்திட்டு தண்ணீரிலிருந்து வெளியே வரும். படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் தாழ்ந்து தாழ்ந்து படகு முழுகிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அதற்கு முன்னாலேயே நிற்கவேண்டும். நியூ மார்ட்டனில் எங்களுக்கு இரண்டே இரண்டு லாக். மகள் கைப்பிடியோடு மேலே, நான் சுக்கானோடு கீழே. கண்ணை அந்தக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. தொழிற்சாலையில் கொதிகலன் ஏற்றும்போது கூட நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

அப்புறம் பொன்ட்கசிஸ்த்தே நீர்ப்பாலம். 1805இல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டி முடித்தது. கால்வாயை வார்ப்பிரும்புத் தொட்டியில் ஏற்றி, 38 மீட்டர் உயரத்தில் ஆற்றுக்கு மேலே 307 மீட்டர் தூரம் கொண்டுபோகிறார்கள். நடைபாதைப் பக்கம் கம்பி வேலி இருக்கிறது. மறுபக்கம் எதுவும் இல்லை, தொட்டியின் விளிம்பு மட்டும், ஒரு சாண் இருக்குமோ என்னமோ. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான் நேராகக் கீழே ஆற்றைப் பார்க்கிறேன். மனைவி உள்ளே போய்த் திரையை இழுத்து மூடி வெங்காயம் நறுக்கினாள். "முடிஞ்சதா?" என்று மட்டும் அவ்வப்போது குரல் வரும்.

செப்டம்பர் 18

முன்பு ஓரிடத்தில் யாருக்கோ "கால்வாய் என்றால் நின்ற நீர்" என்று பதில் போட்டிருந்தேன். லாங்கொலன் விதிவிலக்கு. டீ ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரைக் குடிநீருக்காக நீர்த்தேக்கம் வரை கொண்டுபோவதும் அந்தக் கால்வாய்தான், அதனால் மெல்ல ஓடுகிறது. போகும்போது எனக்குத் தெரியவில்லை, நான் நல்ல ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது சர்க் சுரங்கத்துக்குள், நாலு பக்கமும் இறுக்கமான இடத்தில் எதிர்நீர். எஞ்சின் உறுமுகிறது, சுவர்ச் செங்கல் நகரவே மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 21

காயலுக்கும் ஒரு திருத்தம். கேரளா என்றதும் நான் நல்லதை மட்டும் எழுதிவிட்டேன் என்று ஒருவர் குறைப்பட்டார், நியாயம்தான்.

வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் 1970களில் கட்டிய தடுப்பு உண்டு. கடலின் உப்பு நெல்வயலுக்குள் ஏறாமலிருக்க, டிசம்பர் நடுவிலிருந்து சில மாதம் அதன் கதவுகளை இறக்குவார்கள். நெல்லுக்கு நல்லது. ஆனால் தெற்குப் பக்கம் தண்ணீர் தேங்கிவிடும், உப்பு வராததால் ஆகாயத்தாமரை செழிக்கும். நாங்கள் போன ஜனவரியில் சில வாய்க்கால் முழுக்கப் பச்சைப் பாய். படகோட்டி இரண்டு முறை எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து விசிறியில் சுற்றிய தண்டுகளை அறுத்தெடுத்தார். டீசல் வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. படகின் கழிவு எங்கே போகிறது என்று கேட்டேன், "எல்லாம் தொட்டி இருக்கு சார்" என்றார். தொட்டியைக் காட்டச் சொன்னேன். சாயா கொடுத்தார்.

அதனால் டிசம்பர் தொடக்கம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, பெரிய படகு சின்ன வாய்க்காலுக்குள் நுழையாது. ஒன்பது பேருக்கு நாலு அறைப் படகு எடுத்தால் அகன்ற காயலும் பெரிய வாய்க்காலும்தான். வீடுகளை, படித்துறைகளைக் கிட்டப் பார்க்கவேண்டுமானால் மாலையில் ஒரு துடுப்புப் படகு சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது மறுநாள் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகில் ஏறுங்கள். பேருந்து மாதிரிதான், மிகக் குறைந்த கட்டணம், பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைகளும் ஏறி இறங்கும். என் அம்மாவுக்குப் படகு வீட்டை விட அதுதான் பிடித்தது. இதை மனைவி சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 22

காஷ்மீர் பற்றிக் கேட்டவருக்கு: தால் ஏரிப் படகு வீடு நகராது. கட்டிய இடத்திலேயே நிற்கும், நாம்தான் சிகாரா என்ற சின்னத் துடுப்புப் படகில் போய்வரவேண்டும். தாய்லாந்தின் சியோவ் லான் ஏரியில் இருப்பதும் மிதக்கும் குடில்கள். நகரவேண்டாம், தண்ணீர்மேல் தூங்கினால் போதும் என்பவர்களுக்கு இரண்டும் நல்லது. தூங்கக்கூட வேண்டாம் என்றால் பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடல்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகளோடு சியூ ஜெட்டி இருக்கிறது, ஒரு மணி நேரம் பலகைமேல் நடந்துவிட்டுத் தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அக்டோபர் 2

தங்கை மறுபடி வந்திருக்கிறார். ஆலப்புழைக்கே முடிவு, டிசம்பர் முதல் வாரத்துக்கு, ஓரிரவு மட்டும். வீட்டுக்காரருக்குக் கென்யிர் ஆகஸ்டில் என்று வாக்குக் கொடுத்து சமாதானம் செய்தாராம். நல்ல ஏற்பாடு. எல்லோருக்கும் இ-விசா எடுக்க மறக்கவேண்டாம், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தனியாக வேண்டும். சின்னவள் அளவில் உயிர்காப்பு உடுப்பு உண்டா என்று கேளுங்கள், பெரியவர்களுடையதை மாட்டினால் தோளில் நிற்காது.

அக்டோபர் 5

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: "ஏறுவது சுலபம் என்றீர்கள். உள்ளே படி உண்டா? எத்தனை அங்குலம்?"

ஞாபகமில்லை. பழைய படங்களைத் துழாவினேன். ஒன்றில் அம்மா அறை வாசலில் நிற்கிறார், கைத்தடியைக் கீழ்ப்பலகையில் ஊன்றியிருக்கிறார், பக்கத்திலேயே கழிவறைப் படி தெரிகிறது. கைத்தடி இன்னும் வீட்டில், கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அளந்தேன், 33 அங்குலம். படத்தில் படி கைத்தடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வருகிறது. 12 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டுப் படியை விட நன்றாகவே உயரம். முழங்கால் வலிக்கு அது அதிகம். நடுவே வைக்க ஏதாவது கேட்டு வாங்குங்கள். எங்கள் சமையல்காரர் தான் உட்கார்ந்து மீன் ஆய்கிற மணையைக் கழுவிக் கொண்டுவந்து போட்டார்.